நோன்பை விடும் உரிமை

2025 மார்ச் 4. துபாயில் சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதி. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிக்கொண்டிருந்தன. ஓவர்களுக்கு இடையே எல்லைக்கோட்டருகே நின்ற இந்தியப் பந்துவீச்சாளர் முகமது ஷமி, ஒரு பாட்டிலைத் திறந்து பானம் குடித்தார். ரமலான் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்று அவர் பத்து ஓவர் வீசி, 48 ரன் கொடுத்து, மூன்று விக்கெட் எடுத்தார். இந்தியா ஜெயித்து இறுதிப் போட்டிக்குப் போனது. ஆனாலும் அடுத்த சில நாட்கள் ஊர் பேசியதெல்லாம் அந்தப் பாட்டிலைப் பற்றித்தான். உத்தரப் பிரதேசத்து மௌலானா ஒருவர், ஷரீஅத்தின் பார்வையில் ஷமி குற்றவாளி என்றே சொல்லிவிட்டார். பயணத்தில் இருப்பவருக்கு நோன்பை ஒத்திவைக்கக் குர்ஆனே அனுமதி தந்திருக்கும்போது இதில் என்ன குற்றம் என்று வேறு சிலர் திருப்பிக் கேட்டார்கள். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் வெளிப்படையாகவே ஷமி பக்கம் நின்றார்.

ஷமிக்குக் கேமரா. சாதாரண முஸ்லிம் இளைஞருக்கு அக்கம்பக்கத்துக் கண்கள். ஆபீஸ் கேன்டீன், கல்லூரி விடுதி, தெருமுனை டீக்கடை என எங்கே போனாலும் அந்த ஒரு மாதம் அவரை எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றே: "நோன்பா?" கேட்பவர் பெரும்பாலும் அன்பாகத்தான் கேட்கிறார். டீயை நீட்டலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளும் மரியாதைக் கேள்வி அது. ஆமாம் என்று சொல்ல முடிந்தவருக்குப் பிரச்சினை இல்லை. இருபத்திரண்டு வயதில் இன்சுலின் போட்டுக்கொண்டிருப்பவர், டயாலிசிஸுக்குப் போய்வருபவர், மனநோய்க்கு வேளை தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டியவர், மாதவிடாய் நாளில் இருப்பவர் ஆகியோருக்குத்தான் தொண்டையில் சிக்கும். இல்லை என்று சொன்னால் ஏன் என்ற அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்து ஆமாம் என்று சொல்லிவிட்டு, ஒளிந்து தண்ணீர் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். குடிக்காமலே இருந்து ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பவர்களும் இருக்கிறார்கள்.

விசித்திரம் என்னவென்றால், மார்க்கத்தில் இந்தச் சிக்கலே இல்லை. நோன்பு கடமை என்று சொல்லும் குர்ஆன் வசனங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் 183 முதல் 185 வரை வருகின்றன. நோயாளிக்கும் பயணிக்கும் உள்ள சலுகை அடுத்தடுத்த இரண்டு வசனங்களில் இரண்டு முறை சொல்லப்படுகிறது. விட்ட நோன்பைக் குணமான பிறகு வேறு நாளில் பிடித்துக்கொள்ளலாம். அதைக் கழா என்பார்கள். குணமாகவே வாய்ப்பில்லாத நோயாளியும் தள்ளாத முதியவரும், ஒரு நோன்புக்கு ஓர் ஏழை என்ற கணக்கில் உணவு கொடுத்துவிடலாம், அது ஃபித்யா. கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் தங்களுக்கோ குழந்தைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சினால் விட்டுவிடலாம். மாதவிடாய்ப் பெண்ணுக்கு நோன்பே கூடாது. விதியும் விலக்கும் ஒரே இடத்தில், ஒரே மூச்சில் வருகின்றன. நடைமுறையில் மட்டும் முதல் பாதியை ஊரே சேர்ந்து உரக்கச் சொல்கிறது, இரண்டாம் பாதியை அவரவர் காதில் முணுமுணுக்கிறது.

உடம்பின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். தமிழ்நாட்டில் நோன்பு நேரம் பெரிதாக ஏறி இறங்காது. பிப்ரவரி, மார்ச்சில் வந்தால் ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம். மே, ஜூனில் வந்தால் பதினான்கைத் தாண்டும். பிறைக் கணக்கு ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினோரு நாள் குறைவு என்பதால், ரமலான் ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். 2018இல் அக்னி வெயிலில் நோன்பு பிடித்தவர்கள், 2030இல் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் கடைசியில் ஒன்றுமாக ஒரே ஆண்டில் இரண்டு ரமலானைப் பார்ப்பார்கள். வெயில் காலத்தில் கட்டடத்தில் சாரம் கட்டும் இளைஞருக்கும், ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவருக்கும் கடிகாரம் காட்டுவது ஒரே நேரம்தான். உடம்பு இழக்கும் தண்ணீர் ஒன்றாக இருக்காது.

விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டில் கிடைத்த சர்க்கரை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு கல்லீரல் தன் கையிருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும். அதுவும் குறையக் குறைய, உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். ஆரோக்கியமான இளைஞருக்கு இதில் ஆபத்து எதுவும் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி வரும். பெரும்பாலும் பசியைவிடக் காலை டீ, காபி நின்றுபோனதுதான் அதற்குக் காரணம். நைஜீரியாவில் பிறந்த கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் 1995 பிப்ரவரியில் ரமலான் நோன்போடு ஆடி, அந்த மாதத்தின் சிறந்த என்பிஏ வீரராகத் தேர்வானார். 2021 ஏப்ரலில் லெஸ்டர் சிட்டி, கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தின் நடுவே, சூரியன் மறைந்ததும் ஒரு கோல் கிக்கைத் தாமதப்படுத்தி, இரண்டு வீரர்கள் நோன்பு திறக்க நேரம் கொடுத்தார்கள். மாறாக, பிரிட்டிஷ் ஓட்டக்காரர் மோ ஃபாரா 2012 லண்டன் ஒலிம்பிக் ரமலானில் வந்தபோது நோன்பைத் தள்ளிவைத்துவிட்டு ஓடினார். இரண்டு தங்கம் வாங்கினார். இரண்டு வகை முடிவுக்கும் மார்க்கத்தில் இடம் இருக்கிறது.

நோன்பு வைத்தால் உடம்பு இளைக்கும் என்று நம்பும் இளைஞர்கள் நிறைய. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரியாக ஒரு கிலோவைச் சுற்றியே எடை குறைகிறது. பெருநாள் முடிந்து சில வாரங்களில் அது திரும்பிவிடுகிறது. காரணத்தை ஆராய்ச்சிக்கூடத்தில் தேட வேண்டியதில்லை. சூரியன் மறைந்து மக்ரிப் பாங்கு சொன்ன அரை மணி நேரத்துக்குள் பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, சமோசா, பஜ்ஜி, ரோஸ் மில்க், கடல்பாசி எல்லாம் உள்ளே போய்விடுகின்றன. இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து வந்தால் பரோட்டா காத்திருக்கிறது. நள்ளிரவுக் கடைத்தெரு உணவை ரமலானின் அடையாளமாக்கி விளம்பரப்படுத்தும் வீடியோக்களுக்கும் நோன்புக்கும் உள்ள உறவு, இந்தக் கட்டுரையாளருக்கு இன்னும் விளங்கவில்லை. இன்னொன்று, புகை. பகல் முழுக்கப் பீடி, சிகரெட்டைத் தொடாமல் இருக்க முடிந்த இளைஞர், நோன்பு திறந்த கையோடு பள்ளிவாசல் சந்தில் நின்று பற்றவைக்கிறார். பதின்மூன்று மணி நேரம் முடிகிறது என்றால் விட்டொழிக்கவும் முடியும். புகையை விடுவதற்கு ரமலானைவிட நல்ல வாய்ப்பு ஆண்டில் வேறில்லை.

கஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் தமிழ் முஸ்லிம்களின் நோன்பைப் பேச முடியாது. பச்சரிசி அல்லது நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, வெங்காயம், தக்காளி, மல்லி, புதினா, பட்டை, கிராம்பு, வசதியைப் பொறுத்துத் தேங்காய்ப் பாலும் கொத்துக்கறியும். நண்பகல் லுஹர் தொழுகை நேரத்திலேயே பள்ளிவாசல் பின்கட்டில் தேக்சா ஏறிவிடும். மாலை அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசை கட்டுவார்கள். வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் நிற்பார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. 2001 முதல் தமிழக அரசு இந்தக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரிசி ஒதுக்கிவருகிறது. கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் இதைக் கொண்டுபோனார்கள்; இலங்கையிலும் நோன்பு என்றால் கஞ்சிதான். மருத்துவக் கண்ணோடு பார்த்தாலும் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. வற்றிப்போன உடம்புக்குத் தண்ணீர், உப்பு, மாவுச்சத்து, பருப்பின் புரதம் எல்லாம் ஒரே கோப்பையில், வயிற்றை உறுத்தாத சூட்டில் கிடைக்கின்றன. பக்கத்துத் தட்டில் இருக்கும் வடைக்கு இந்தச் சான்றிதழ் செல்லாது.

ஊரை விட்டு வந்து சென்னையில் வேலை பார்க்கும் இளைஞருக்கு அந்தக் கோப்பையில் கஞ்சிக்கு மேலாகவும் ஒன்று கிடைக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் தனியாக இருப்பவர், மற்ற பதினோரு மாதமும் பார்சல் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, செல்போனைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவார். ரமலானில் மட்டும் பள்ளிவாசல் பாயில், அறிமுகமே இல்லாத பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தட்டுப் பேரீச்சம்பழத்தை இவர் பக்கம் நகர்த்தி வைப்பார். "எந்த ஊரு தம்பி?" என்று பேச்சு தொடங்கும். கீழக்கரை என்றால் அங்கே யார் வீடு என்று விசாரணை நீளும். வேலை, வாடகை அறை, பெண் பார்ப்பது வரை அந்தப் பாயில் பேசி முடிந்திருக்கின்றன. தனிமை உடம்பையும் கெடுக்கும் என்று மருத்துவம் இப்போது அழுத்திச் சொல்கிறது. ஒரு மாதம் தினமும் மாலையில் நூறு பேரோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவதை மருந்துச் சீட்டில் எழுத முடியாதுதான்.

அதே திருவல்லிக்கேணியில், 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்க உட்கார்பவர்களுக்குப் பரிமாறுவோர் பலர் முஸ்லிம்கள் அல்லர். மயிலாப்பூரில் இருக்கும் சூஃபிதார் என்ற அமைப்பின் தொண்டர்கள் அவர்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிவைத்த சேவை இது. பல பத்தாண்டுகளாக, ஒவ்வொரு ரமலானிலும் சைவ உணவு சமைத்து, வண்டியில் ஏற்றிவந்து, தலையில் தொப்பி வைத்துப் பரிமாறுகிறார்கள்.

இவ்வளவு இதமான கூட்டம்தான், நோய் உள்ளவரை நெருக்கவும் செய்கிறது. ஊரே சேர்ந்து செய்யும் ஒன்றிலிருந்து தான் மட்டும் ஒதுங்கி நிற்பது யாருக்கும் கடினம். இளைஞருக்கு இன்னும் கடினம். 2001இல் இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எபிடியார் என்று அதற்குப் பெயர். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களில் 43 சதவீதம் பேர், இரண்டாம் வகை உள்ளவர்களில் 79 சதவீதம் பேர் ரமலானில் குறைந்தது பதினைந்து நாள் நோன்பு வைத்திருந்தார்கள். முதல் வகை என்பது பெரும்பாலும் சிறுவயதில், இளவயதில் வருவது. இன்சுலின் இல்லாமல் வாழவே முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோன நிகழ்வுகள் மற்ற மாதங்களைவிட இவர்களிடம் 4.7 மடங்கும், இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்கும் கூடியிருந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இரண்டாம் வகையும் இப்போது முப்பது வயதுக்காரர்களைத் தாராளமாகப் பிடிக்கிறது. ஆக, இது தாத்தா பாட்டிகளின் கவலை மட்டும் இல்லை.

நோன்பே கூடாது என்று எல்லா நீரிழிவு நோயாளிகளையும் தடுப்பதும் மருத்துவம் ஆகாது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் நீரிழிவு-ரமலான் கூட்டணி என்ற மருத்துவர் அமைப்பும் சேர்ந்து 2016இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. எகிப்தின் முஃப்தி அதன் மார்க்கப் பகுதிக்கு ஒப்புதல் தந்திருந்தார். 2021இல் வந்த புதிய பதிப்பு ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடச் சொல்கிறது. எந்த வகை நீரிழிவு, எத்தனை ஆண்டு, என்ன மருந்து, சிறுநீரகம் எப்படி, முன்பு சர்க்கரை தாழ்ந்து மயங்கியதுண்டா, உடலுழைப்பு எவ்வளவு, போன ரமலான் எப்படிப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் எண். மூன்று வரை என்றால் ஆபத்து குறைவு. ஆறைத் தாண்டினால் நோன்பு வேண்டாம் என்பதே மருத்துவ ஆலோசனை. நடுவில் இருப்பவர் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம்.

மருந்தைப் பொறுத்தும் நிறைய மாறும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும்தான் நடுப்பகலில் காலை வாருபவை. இவற்றின் அளவையும் வேளையையும் நோன்பு மாதத்துக்கென மருத்துவர் மாற்றிக் கொடுப்பார். காலை மாத்திரையைத் தானாகவே சஹருக்கும், இரவு மாத்திரையை நோன்பு திறப்புக்கும் மாற்றிக்கொள்வதுதான் வீடுகளில் நடக்கிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். முறியாது. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, சோதனைக்கு ரத்தம் எடுப்பதும், ஊட்டம் தராத ஊசிகளும் நோன்பை முறிக்காது என்று தீர்மானம் போட்டிருக்கிறது. இன்சுலின் ஊசியும் அந்தக் கணக்கில் வரும் என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. ஆஸ்துமா இன்ஹேலர் விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு இருக்கிறது. உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மூச்சு இழுக்கும் நேரத்தில் ஃபத்வா தேடக் கூடாது. அப்போது இன்ஹேலரைத்தான் எடுக்க வேண்டும்.

பெண்களின் நிலை தனி. மாதத்தில் ஐந்தாறு நாள் அவர்களுக்கு நோன்பு கிடையாது. விட்டதைப் பிறகு கழா செய்ய வேண்டும். மார்க்கம் இதைக் கூச்சமே இல்லாமல் பேசுகிறது. வீட்டில்தான் கூச்சம். அத்தாவும் அண்ணன் தம்பியும் இருக்கும் வீட்டில், கல்லூரி போகும் பெண் அந்த நாட்களில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறாள். சிலர் சஹருக்கு எல்லோரோடும் எழுந்து உட்கார்ந்து நோன்பாளி போலவே நடிக்கிறார்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. உதிரம் போகும் நாளில் பட்டினி கிடப்பது அந்தப் பெண்ணுக்கு வணக்கமும் இல்லை, ஆரோக்கியமும் இல்லை. சாப்பாட்டு மேசையில் அவளுக்கும் ஒரு தட்டு வைப்பதற்கு எந்த ஃபத்வாவும் தேவையில்லை; அத்தா ஒருவர் சாதாரணமாக, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் போதும்.

நோன்பை விடும் உரிமையை ஊரறியச் சொல்வது ஜமாஅத்துகளால் முடியாத காரியம் இல்லை. கொரோனாக் காலத்தில், சொந்தக்காரர்களே நெருங்க அஞ்சிய உடல்களைத் தமிழ்நாட்டின் முஸ்லிம் இளைஞர்கள் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு, அவரவர் மத முறைப்படி அடக்கமும் தகனமும் செய்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுவதும் ரத்ததான முகாம் நடத்துவதும் இங்குள்ள முஸ்லிம் அமைப்புகளுக்குப் பழகிய வேலை. ரமலான் பகலில் ரத்தம் கொடுத்தால் களைப்பு வரும் என்பதால், நோன்பு திறந்த பிறகு இரவில் போய்க் கொடுக்கும் இளைஞர்களும் உண்டு. அந்த ஆள்பலத்தில் ஒரு துளியை நோன்புக்கு முந்தைய சர்க்கரைப் பரிசோதனை முகாமுக்குத் திருப்பலாம். ரமலானுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயான்களில் ஒன்றை நோயாளியின் சலுகைக்கென்றே ஒதுக்கலாம். பள்ளிவாசல் மேடையான மிம்பரில் நின்று இமாம் ஒருமுறை உரக்கச் சொன்னால், டாக்டர் பத்து முறை சொல்வதைவிட அழுத்தமாகப் பதியும். நோன்பு கால அட்டவணையைப் பள்ளிவாசல்கள் அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்கின்றன. அதன் அடியில் இரண்டு வரிக்கு இடம் இருக்கும்: சர்க்கரை 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ நேரம் பார்க்காமல் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும், நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், பேச்சுக் குழறல் வந்தாலும் அப்படியே. மக்ரிபுக்குப் பத்து நிமிடம்தானே இருக்கிறது என்று காத்திருந்தவர்கள்தான் பலர் மயங்கி விழுகிறார்கள்.

தராவீஹ் தொழுகையையும் அந்த நீரிழிவு வழிகாட்டி உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கிறது. இருபது ரக்அத் நின்று, குனிந்து, சிரம் பணிந்து எழுவது நல்ல உழைப்பு. இன்சுலின் போடுகிறவர் பள்ளிவாசலுக்குப் போகும்போது சட்டைப்பையில் இரண்டு பேரீச்சம்பழமோ குளுக்கோஸ் பொட்டலமோ வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் தொழும் நண்பருக்குத் தன் நோயைச் சொல்லியும் வைக்க வேண்டும்.

ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறது அந்த வழிகாட்டி. தமிழ் முஸ்லிம் வீட்டுக் காலண்டரில் அது ரஜப் மாதம். வீட்டில் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, வலிப்பு, மனநோய் என்று எதற்காவது தொடர்ந்து மருந்து எடுக்கும் இளைஞர் இருந்தால், ரஜப் பிறை தெரிந்ததும் மருந்துச் சீட்டோடு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நோன்பு வைக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், திரும்பி வரும் வழியிலேயே ஃபித்யா கணக்கைப் போட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளையிடம் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள்.